மேழியை அழுத்தி ஆழ உழ முடியாது

மல்லாங்கிணற்றுக்கு அருகே எங்கள் புஞ்சையில் தூர்ந்துபோன கிணறு ஒன்று இருக்கிறது. வெட்டியபோது அள்ளிக் கொட்டிய மண் இன்றைக்கும் கரடு மாதிரி பக்கத்தில் நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் உள்ள அந்த மண்மேட்டைக் குண்டு தாண்டாது. அதில் அட்டையைக் குத்திவைத்து 25 மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஏர் ரைபிள் பழகுகிறவன் நான். சென்ற தை மாதம், அறுவடை முடிந்த ஒரு காலையில், பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் தன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். "அண்ணே, ஒங்க கையால அஞ்சு குண்டு போட்டுப் பாருங்க. எனக்குக் கைநடுக்கம்னு எல்லாரும் சொல்றாக" என்றான்.

போட்டேன். முதல் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. அடுத்த ஐந்து அதே நெருக்கத்தோடு இரண்டு விரற்கடை இடப்பக்கம் போயின. மூன்றாவது ஐந்து மேலும் கீழுமாகச் சிதறின. நான் ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், மேல்குமிழைத் தொட்டுப் பார்த்தேன். மேலே ஏற்றும் பக்கம் நான்கைந்து கிளிக்குக்கு மேல் நகரவில்லை. முட்டி நின்றது.

அந்தப் பையனுக்குக் கைநடுக்கம் கிடையாது. ஓராண்டாக அவனை நம்பவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். முதலில் ஸ்கோப் மட்டம் என்றார்கள், அதை விற்று வேறு வாங்கினான். அதுவும் ஆடியபோது கை சரியில்லை என்றார்கள். ஸ்கோப்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே இருக்கும் மவுண்டைப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாய்வை மாற்றிக்கொள்ளக் கூடிய மவுண்ட் ஒன்று இருக்கிறது என்று அவனாகவே கேட்டறிந்து போனபோதும், "அது காசு பிடித்தவன் விளையாட்டு, உனக்கெதற்கு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்கு மறுப்பு. ஏர் கன் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இதைக் கேட்கிறேன். ஸ்கோப்பிலேயே இரண்டு குமிழ் இருக்கிறது, திருகத்தானே வைத்திருக்கிறான், அப்புறம் மவுண்டிலும் எதற்குத் திருகு? அசையும் பாகம் கூடினால் ஆட்டமும் கூடும். தேவைப்பட்டால் தகட்டை வெட்டி அடியில் வை. வாதம் இவ்வளவுதான். கேட்பதற்கு அனுபவம் பேசுவதுபோல் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடிய ஏர் ரைபிள் எது என்பதை 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன: குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. நம் ஊர்ப்பக்கம் புழங்குவதெல்லாம் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. அரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலான குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குண்டு 25 மீட்டரைக் கடக்கும் நேரத்தில் தன் எடையாலேயே சுமார் 9 சென்டிமீட்டர் விழுந்துவிடும். ஸ்கோப்போ குழலுக்கு நாலரை சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆக, குழலும் ஸ்கோப்பும் துல்லியமாக இணையாக இருந்தால்கூட, குண்டு ஸ்கோப்புக்குள் தெரியும் கூட்டல் குறிக்குப் பதின்மூன்று, பதின்மூன்றரை சென்டிமீட்டர் கீழேதான் விழும். துப்பாக்கியிடம் பழுது ஏதும் இல்லை. கண் ஓரிடத்திலும் குழல் ஓரிடத்திலும் இருப்பதற்கும், பூமி இழுப்பதற்கும் கொடுக்க வேண்டிய விலை அது.

சாதாரண ஸ்கோப்பில் 25 மீட்டருக்கு ஒரு கிளிக் என்றால் 1.8 மில்லிமீட்டர். அடியிலிருந்து உச்சிவரை 240 கிளிக் ஓடுகிற ஸ்கோப்பை எடுத்துக்கொண்டால், நடுவிலிருந்து மேலே 120. மேற்சொன்ன பதின்மூன்றரையைச் சரிக்கட்டவே 74 கிளிக் போய்விடுகிறது. இன்னும் குழல் தொங்கலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மடக்கும் குழல் கீலில் பூட்டும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மயிரிழை கீழ்நோக்கியே பூட்டும். இது நாட்டுத் தயாரிப்பின் கோளாறு என்று சிலர் பழிபோடுவார்கள். அப்படி இல்லை. பெயர் பெற்ற ஜெர்மனித் துப்பாக்கிகளிலேயே குழல் தொங்கல் ஊரறிந்த விஷயம். அவற்றில் ஒன்றான டயானாவை வாங்கியவர்கள் அதற்கென்றே சாய்வு மவுண்ட் தேடி அலைந்திருக்கிறார்கள். குழலோடு சேர்ந்தே இருக்கும் இரும்புக் குறியை வைத்துச் சுடும்வரை தொங்கல் தெரியாது, ஏனென்றால் முன்குறி குழலின் நுனியிலேயே இருக்கிறது, குழல் எங்கே தாழ்ந்தாலும் கூடவே போகும். ஸ்கோப்பை உடல்மீது ஏற்றிய அன்றுதான் உண்மை வெளிவரும். 40 சென்டிமீட்டர் குழலின் நுனி ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தாழ்ந்திருந்தால் போதும். 25 மீட்டரில் இன்னும் ஏழரை சென்டிமீட்டர் கீழே. கிளிக் கணக்கில் 41. முன்னதையும் சேர்த்தால் 115. நடுவிலிருந்து மேலே இருந்ததே 120.

அந்தத் தம்பியின் குமிழ் முட்டி நின்றதற்குக் காரணம் இதுதான். துப்பாக்கி, ஸ்கோப், கை மூன்றிலும் குற்றமில்லை. மூன்றையும் சேர்த்து வைத்த இடத்தில் சாய்வு இல்லை.

இங்கேதான் எதிர்த்தரப்பு முதல் கேள்வியைப் போடும்: முட்டி நின்றால் என்ன, 115-இல் குறி சரியாகத்தானே இருக்கிறது, ஐந்து கிளிக் மிச்சமும் இருக்கிறதே? ஸ்கோப்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வரும் கேள்வி இது. வெளியே நாம் பார்க்கும் குழாய்க்குள் சிறிய உள்குழாய் ஒன்று இருக்கிறது. மேல்குமிழின் திருகு அதன் தலையை அழுத்திப் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம் கீழிருந்து ஒரு வில் அதைத் திருகை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. குறியை மேலே ஏற்ற ஏற்ற, திருகு பின்வாங்குகிறது, உள்குழாய் மேலேறுகிறது, வில் நீண்டு தளர்கிறது. உச்சிக்கு வந்தபோது வில்லில் தள்ளுவதற்கு வலுவே மிச்சமிராது. உள்குழாய் திருகோடு ஒட்டி நிற்பதுபோல் தோன்றும், ஒரு அதிர்வு கொடுத்தால் வேறிடத்தில் போய் உட்காரும்.

அதிர்வுக்கு ஸ்பிரிங் கன்னில் பஞ்சமா? தோட்டாத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் கன் இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே போகிறது, பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே எகிறுகிறது. குண்டு நம் கண்ணுக்கு எட்டுமுன் எல்லாம் முடிந்துவிடுகிறது. பெரிய தோட்டாத் துப்பாக்கியில் பல ஆண்டு உழைத்த ஸ்கோப் இந்த முன்னுதைப்பில் சில நூறு குண்டுக்குள் உடைந்துபோனதுண்டு. அப்படிப்பட்ட துப்பாக்கியின் முதுகில் வில் தளர்ந்த ஸ்கோப்பை உட்காரவைத்துவிட்டு, குண்டு விழும் கூட்டம் நகர்ந்துபோகிறது, கை சரியில்லை என்று பையனைச் சொல்வது அநியாயம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்குழாய் நகரும் வெளி வட்டமானது. உச்சியில் ஏறிவிட்டால் பக்கவாட்டில் நகர இடம் குறைந்துவிடும். நடுவில் இருக்கும்போது இடம் வலம் தலைக்கு 120 கிளிக் இருந்தது, 115 மேலே போனபின் வட்டத்தின் கணக்குப்படி 34-தான் மிச்சம். 25 மீட்டரில் ஆறு சென்டிமீட்டர். குழல் கொஞ்சம் பக்கம் பார்த்திருந்தால் அதுவும் தீர்ந்தது. ஆடி மாதத்தில் இந்தக் கரிசலில் அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நொடிக்கு நாலு மீட்டர் வேகமுள்ள குறுக்குக் காற்றே இந்தக் குண்டை 25 மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். கையிருப்பு இல்லாத ஸ்கோப்பை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சமாளிப்பது?

இப்போது அவர்களுடைய பலமான வாதத்துக்கு வருகிறேன். அசையும் பாகம் கூடினால் ஆட்டமும் கூடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை மறைத்துச் சொல்லப்படும் உண்மை. அசையாத மவுண்ட் வாங்கியதால் அசையும் பாகம் இல்லாமல் போய்விடவில்லை. அதை ஸ்கோப்புக்கு உள்ளே தள்ளிவிட்டோம், அவ்வளவே. எங்கேயோ ஓரிடத்தில் அந்த 115 கிளிக்குக்கு ஈடான எட்டு மில்லிரேடியன் சொச்சம் சாய்வைக் கொடுத்தே ஆகவேண்டும். அந்தச் சாய்வை எது பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், தளர்ந்த வில்லா, இறுக்கிய திருகா? நல்ல அட்ஜஸ்டபிள் மவுண்டில் முன்னும் பின்னுமாக எதிரெதிர்த் திருகுகள் இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையம் சாயும், இரண்டையும் இறுக்கினால் இரும்புக்கு இரும்பு பூட்டிக்கொள்ளும். அங்கே வில்லே கிடையாது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் பிடி ஒரே அளவு. ஒரு முறை வைத்துவிட்டால் பிறகு அதைத் தொடவே வேண்டாம். நாள்தோறும் திருகுவதற்கு ஸ்கோப்பின் குமிழ் நடுவில், வில் முழு வலுவோடு காத்திருக்கும்.

எங்கள் அப்பா மாட்டு ஏர் உழுத காலத்தைப் பார்த்தவன் நான். கொழு ஆழமாக இறங்கவில்லை என்றால் அவர் மேழியை நாள் முழுக்க அழுத்திக்கொண்டே நடக்க மாட்டார். மாட்டை நிறுத்திவிட்டு, நுகத்தடியை ஏர்க்காலோடு பிணைக்கும் வடத்தை அவிழ்த்து, ஒரு பிடி தள்ளிக் கட்டுவார். ஏரின் சாய்வு மாறிவிடும். அப்புறம் மேழியில் கை சும்மா படிந்திருந்தால் போதும், சால் தானாக ஆழமாக விழும். புதிதாக ஏர் பிடிப்பவன்தான் மேழியை அழுத்துவான். சாயங்காலம் தோள் இற்றுப்போகும், சாலும் நேராக இராது. வடம் தள்ளிக் கட்டுவதை அனாவசியம் என்று எந்தச் சம்சாரியும் சொன்னதில்லை. ஸ்கோப் விஷயத்தில் மட்டும் நாம் மேழியை அழுத்துகிறவனை அனுபவசாலி என்கிறோம்.

தகடு வைக்கும் கட்சிக்கு வருவோம். இவர்கள்மேல் எனக்குக் கோபம் குறைவு, ஏனென்றால் சாய்வு தேவை என்பதையாவது ஒப்புக்கொள்கிறார்கள். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி, பழைய பிலிம் சுருளை வெட்டி, பின்வளையத்துக்குள் ஸ்கோப்புக்கு அடியில் வைப்பார்கள். ஒரு துண்டு, இரண்டு துண்டுவரை கேடில்லை. ஆனால் நம் கணக்கில் தேவை எவ்வளவு? இரண்டு வளையத்துக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் என்றால் பின்பக்கம் 0.84 மில்லிமீட்டர் உயர வேண்டும். டின் தகடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். எட்டுத் தகட்டை அடுக்கிய பின்னும் முன்வளையம் பழைய மட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், ஸ்கோப்போ சாய்ந்து கிடக்கும். மேல்மூடியை இறுக்கும்போது வளையத்தின் விளிம்பு குழாயைக் கடிக்கிறது. நடுவில் குழாய் வளைகிறது. கண்ணாடிகள் நேர்க்கோட்டில் நிற்கவேண்டிய கருவியை வில்லாக வளைத்துவிட்டு அதில் துல்லியம் தேடுகிறோம். நான் வாங்கிய பழைய ஸ்கோப் ஒன்றைக் கழற்றியபோது பின்வளையம் இருந்த இடத்தில் பல்பட்டதுபோல் பிறைவடிவப் பள்ளம் இருந்தது. விற்றவர் அதை மறைக்கவில்லை, அது இயல்பு என்றே நினைத்திருந்தார். சாயக்கூடிய மவுண்டில் இரண்டு வளையங்களும் சேர்ந்து சாய்வதால் குழாய்க்கு அந்த வேதனை இல்லை.

ஒலிம்பிக்கில் யாரும் ஸ்கோப்பே வைப்பதில்லையே, அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் ஸ்கோப் வைத்தா தங்கம் வாங்கினார், நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஸ்கோப் வைத்தா சுடுகிறார் என்று ஒரு வாதம் வரும். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தொலைநோக்கிக் குறிக்கு விதியே இடம் தரவில்லை, அதனால் வைப்பதில்லை. 10 மீட்டர் ஓடும் இலக்குப் போட்டியில் அனுமதி உண்டு, அங்கே வைக்கிறார்கள். ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் அந்தப் போட்டித் துப்பாக்கியை ஒருமுறையாவது நெருங்கிப் பார்க்க வேண்டும். பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. அதை அடிக்கிற துப்பாக்கியில் கன்னம் சாயும் கட்டை ஏறி இறங்கும், தோளில் பதியும் தகடு நீளும், சாயும், துளைக்குறிக்கு அடியில் உயரக்கட்டை வைத்துக் குறியையே தூக்கிவைத்திருப்பார்கள். சுடுகிறவரின் கழுத்து வளையாமல், கருவி அவரிடம் வருகிறது. அடித்தளத்தைச் சரிசெய்வது பணக்காரப் பொழுதுபோக்கு என்றால், அந்தத் துப்பாக்கியில் அத்தனை திருகு ஏன்?

எல்லாருக்கும் அட்ஜஸ்டபிள் மவுண்ட் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காற்றை முன்னமே அடைத்துச் சுடும் பிசிபி வகையில் குழல் உடலோடு நிலையாகப் பதிந்திருக்கிறது, இரண்டு பக்க உதை இல்லை, நொடிக்கு 260 மீட்டர்போலப் போகும் குண்டு விழுவதும் குறைவு. அதில் நல்ல சாதா வளையமே போதும், அதிகம் வாங்குவது வீண். மலிவான அட்ஜஸ்டபிள் மவுண்டுகள் சிலவற்றில் எதிர்த்திருகுக்குப் பதில் ஒரு பக்கம் வில்லை வைத்திருப்பார்கள். அதை வாங்குவது ஸ்கோப்புக்குள் இருந்த நோயை வெளியே கொண்டுவந்து வைப்பதுதான். எடையும் கூடும், உயரமும் கூடும். இந்தக் குறைகள் எல்லாம் உண்மை. மோசமான மவுண்ட் ஒன்றைக் காட்டி மவுண்ட் என்ற எண்ணத்தையே தள்ளுவது மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். காசு ஒன்றும் செலவில்லை. ஸ்கோப்பைக் கழற்றி, உருப்பெருக்கத்தை அடிமட்டத்தில் வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் அதன் முன்வாயை ஒட்டிப் பிடித்துப் பின்னால் கண்ணை வையுங்கள். கூட்டல் குறி ஒன்றும் அதன் நிழல் ஒன்றும் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை குமிழ்களைத் திருகினால் அதுதான் ஸ்கோப்பின் நடு. கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை என்றால், அட்டைப்பெட்டியின் இரு ஓரத்திலும் 'வி' வடிவில் வெட்டி ஸ்கோப்பை அதில் கிடத்திச் சுழற்றுங்கள். கூட்டல் குறி வட்டம் போடாமல் ஒரே இடத்தில் நின்று சுழன்றால் நடு கிடைத்துவிட்டது. பிறகு மாட்டி, 25 மீட்டரில் சுட்டு, எவ்வளவு கீழே விழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் கீழே என்றால் அதை மில்லிமீட்டராக்கி 25,000 மில்லிமீட்டரால் வகுத்து, வளையங்களுக்கு இடையே உள்ள தூரத்தால் பெருக்குங்கள். 10 சென்டிமீட்டர் இடைவெளிக்கு 0.8 மில்லிமீட்டர். பின்வளையம் தூக்கவேண்டிய அளவு அதுவே. நாலைந்து சென்டிமீட்டர்தான் கீழே விழுகிறது என்றால் உங்களுக்கு இந்த மவுண்டே வேண்டாம், காசை மிச்சப்படுத்துங்கள். என்னிடம் கேட்டு வந்தவர்களில் அப்படித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

இதையெல்லாம் அட்டையில் சுடுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். ஏர் கன் கையில் இருந்தால் கவுதாரிக்கும் மயிலுக்கும் குறிவைக்கிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். பயிரை மயில் அழிக்கிறது என்ற வேதனை எனக்கும் தெரியும், என் சோளத்திலும் இறங்கியிருக்கிறது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. துல்லியம் கற்றுக்கொள்வது அதற்காக என்றால் இந்தக் கணக்கை அவர்களிடம் நான் பகிர விரும்பவில்லை.

அந்தத் தம்பிக்குச் சாய்வு மவுண்ட் ஒன்று தருவித்துக் கொடுத்தோம். உடலின் முதுகில் 11 மில்லிமீட்டர்க் காடி, அதற்கேற்ற அடி. முன்னுதைப்பில் மவுண்ட் வழுக்காமலிருக்க அதன் அடியில் உள்ள தடுப்பு ஊசியைத் துப்பாக்கியின் குழியில் இறக்கினோம். இது விட்டுப்போனால் எவ்வளவு விலை கொடுத்த மவுண்டும் ஊர்ந்துபோகும், பழி மறுபடி தவறான இடத்தில் விழும். கண்ணாடியில் நடுப் பார்த்தோம். பின்வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, குண்டு அட்டையின் நடுவுக்கு இரண்டு விரற்கடைக்குள் வந்ததும் நிறுத்தி, திருகுகளை மாற்றி மாற்றி இறுக்கினோம். மிச்சத்துக்குக் குமிழில் 14 கிளிக் தேவைப்பட்டது. முன்பு முட்டி நின்ற இடத்துக்கு இப்போது இன்னும் நூறு கிளிக் இருக்கிறது.

ஒவ்வொரு திருகின் தலையிலும் மவுண்டிலுமாகச் சேர்த்து, அவன் அக்காளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவைத்தான். கோடு பிரிந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாசியில் இருநூறு குண்டு, பங்குனியில் முந்நூறு. அட்டைகளைத் தேதி போட்டு வைத்திருக்கிறான். ஆடிக் காற்று கிளம்பியதும் இன்னொரு கட்டு அட்டையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். கோடுகள் இன்னும் பிரியவில்லை.